மேகோம்ப் என்கிற நல்ல ஊர்

(வாசிப்பு வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஹார்ப்பர் லீ எழுதிய ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ நாவலைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். தமிழில் ‘பாடும் பறவையின் மௌனம்’ என்று வந்திருப்பது இந்த நாவல்தான். கூட்ட அறிவிப்பைப் பகிர்ந்த அன்று இரவே ஒரு தோழர் எனக்குக் குறுஞ்செய்தி அனுப்பினார். “எழுதியவர் வெள்ளைக்காரர். கதாநாயகன் வெள்ளைக்கார வக்கீல். கறுப்பர் பரிதாபமாகச் சாகிறார், வெள்ளைக்காரக் குழந்தைகள் அதிலிருந்து பாடம் கற்றுக்கொள்கிறார்கள். இதை நாம் ஏன் வாசிக்கணும் தோழர்?” என்று கேட்டிருந்தார். அவர் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார், பெயரைச் சொல்ல மாட்டேன். அருமையான கேள்வி. நான் பேசப்போவது முழுக்க அதற்கான பதில்தான். என்னைப் போல இலக்கிய ஆய்வில் இருப்பவர்களுக்கு இந்தக் கேள்வியிலிருந்து தப்பிக்க ‘செவ்வியல் நாவல்’ என்ற சொல் ஒன்று கைவசம் இருக்கிறது. அதை இன்று பயன்படுத்தப்போவதில்லை.

வாசிக்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் தெற்கே அலபாமா மாநிலம், மேகோம்ப் என்ற கற்பனைச் சிற்றூர், 1933 முதல் 1935 வரை. பெரும் பொருளாதார மந்தக் காலம். கதை சொல்பவள் ஸ்கவுட் என்ற சிறுமி. தொடக்கத்தில் அவளுக்கு ஆறு வயதுகூட நிறையவில்லை. அண்ணன் ஜெம் நான்கு வயது மூத்தவன். தாய் இல்லை. தந்தை அட்டிகஸ் ஃபின்ச் வழக்கறிஞர். வீட்டில் சமைத்துப்போட்டுக் குழந்தைகளை வளர்ப்பவர் கல்பூர்னியா என்ற கறுப்பினப் பெண். முதல் பாதியில் பெரும்பகுதி கோடை விடுமுறை விளையாட்டும், வீட்டைவிட்டு வெளியே வராத பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிய பயமும்தான். இரண்டாம் பாதியில் வழக்கு வருகிறது. டாம் ராபின்சன் என்ற 25 வயதுக் கறுப்பினத் தொழிலாளி, மேயெல்லா யூவெல் என்ற வெள்ளைக்காரப் பெண்ணை வன்புணர்வு செய்ததாகக் குற்றச்சாட்டு. மேயெல்லாவை அடித்தவர் இடதுகைக்காரராக இருக்கத்தான் அதிக வாய்ப்பு என்று அட்டிகஸ் காட்டுகிறார். டாமின் இடது கை, சிறுவயதில் பருத்தி அரவை இயந்திரத்தில் சிக்கிச் செயலிழந்துபோன கை. கோர்ட்டில் இருந்த எல்லோரும் அதைப் பார்க்கிறார்கள். ஆனாலும் ஜூரி குற்றவாளி என்கிறது. பிறகு சிறையிலிருந்து தப்பி ஓட முயன்றார் என்று டாமைச் சுட்டுக் கொல்கிறார்கள். உடம்பில் 17 குண்டுகள்.

1960 ஜூலையில் வெளியாகி, 1961-இல் புலிட்சர் பரிசு வாங்கியது. 1962-இல் திரைப்படமாக வந்து, அட்டிகஸாக நடித்த கிரெகரி பெக் ஆஸ்கர் வாங்கினார். இதுவரை நான்கு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருப்பதாகச் சொல்கிறார்கள். அமெரிக்காவில் பல தலைமுறைகள் இதைப் பள்ளிப் பாடமாகவே படித்திருக்கின்றன.

கதை நடப்பது 1930-களில் என்றாலும் லீ இதை எழுதியது 1950-களின் பிற்பாதியில். அந்த வருடங்களை ஒருமுறை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். 1955 ஆகஸ்டில் மிசிசிப்பியில் எம்மெட் டில் என்ற 14 வயதுச் சிறுவனைக் கொன்றார்கள். கொன்றவர்களை முழுக்க வெள்ளையர்களைக் கொண்ட ஜூரி 67 நிமிடத்தில் விடுதலை செய்தது. அந்த டிசம்பரில் அலபாமாவின் மாண்ட்கமரியில் பேருந்துப் புறக்கணிப்பு தொடங்கியது. 1956 பிப்ரவரியில் ஆதரின் லூசி என்ற கறுப்பின மாணவி அலபாமா பல்கலைக்கழகத்தில் அடியெடுத்து வைத்தார். வெள்ளையர் கும்பல் கலவரம் செய்தது, பல்கலைக்கழகம் கும்பலை விட்டுவிட்டு மாணவியை வெளியேற்றியது. ஹார்ப்பர் லீ படித்த பல்கலைக்கழகம் அது. இந்தச் சூழலில் உட்கார்ந்துதான் தன் சின்ன வயதின் ஊரை அவர் எழுதினார்.

1930-களில் அவர் ஊர்ப்பக்கம் என்ன நடந்தது? 1931 மார்ச்சில் அலபாமாவில் சரக்கு ரயிலில் வந்த ஒன்பது கறுப்பினப் பையன்களைப் பிடித்து, இரண்டு வெள்ளைக்காரப் பெண்களை வன்புணர்வு செய்ததாக வழக்குப் போட்டார்கள். ஸ்காட்ஸ்போரோ வழக்கு. சில வாரங்களில் எட்டுப் பேருக்கு மரண தண்டனை. கம்யூனிஸ்டுகள் நடத்திய சர்வதேசத் தொழிலாளர் பாதுகாப்பு அமைப்புதான் முதலில் களத்தில் இறங்கி அதை உலகறியச் செய்தது. பிறகு அந்தப் பெண்களில் ஒருவரே, தான் சொன்னது பொய் என்று கோர்ட்டில் சொன்னார். 1933-இல் ஜேம்ஸ் ஹார்டன் என்ற வெள்ளைக்கார நீதிபதி, சாட்சியம் நிற்காது என்று ஒருவர் மீதான தீர்ப்பை ரத்து செய்தார். 1934 தேர்தலில் அந்த நீதிபதியை ஊர் தோற்கடித்தது. கடைசி மூவருக்கு அலபாமா மன்னிப்பு வழங்கியது எப்போது தெரியுமா? 2013-இல். அப்போது ஒன்பது பேரில் ஒருவர்கூட உயிரோடு இல்லை. லீயின் சொந்த ஊரான மன்ரோவில்லிலும் வால்டர் லெட் என்ற கறுப்பினத்தவர் மீது 1930-களில் இதே குற்றச்சாட்டு, மரண தண்டனை. அது ஆயுள் தண்டனையாகக் குறைந்தும் அவர் 1937-இல் காவலிலேயே செத்துப்போனார். டாம் ராபின்சன் எங்கிருந்து வந்தார் என்று இதற்குமேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

இனி அட்டிகஸ். தோழரின் கோபம் அவர் மீதுதான். என்னைக் கேட்டால் அந்தக் கோபத்தில் பெரும்பகுதி நியாயம். அட்டிகஸ் இந்த வழக்கைத் தேடிப் போகவில்லை, நீதிபதி அவரை நியமிக்கிறார். நியமித்த பிறகு நேர்மையாக வாதாடுகிறார், சிறை வாசலில் கும்பலுக்கு எதிரே தனியாக உட்காருகிறார், எல்லாம் சரிதான். ஆனால் டாமைக் கொல்ல வந்த அதே கும்பலை, அடிப்படையில் நல்லவர்கள், ஒரு விஷயத்தில் மட்டும் கண் தெரியாதவர்கள் என்பதுபோல மகனுக்கு விளக்குகிறார். கூ க்ளக்ஸ் க்ளானைப் பற்றிப் பேச்சு வரும்போது, அது எப்போதோ இருந்து மறைந்த ஓர் அரசியல் அமைப்பு என்கிற தொனியில் கடந்துபோகிறார். தீர்ப்புக்குப் பிறகு அப்பாவும் மகனும் ஜூரி முறையைப் பற்றி நீளமாகப் பேசுகிறார்கள். பெண்களை ஜூரியில் சேர்ப்பதில்லை என்பது அதில் வருகிறது. டவுன்காரர்கள் ஜூரியில் உட்காராமல் நழுவிக்கொள்வது வருகிறது. கறுப்பர்கள் ஏன் இல்லை என்று மட்டும் இருவருமே கேட்பதில்லை. இத்தனைக்கும் கதையில் வழக்கு நடப்பது 1935 கோடையில். அதற்குச் சில மாதம் முன்பு, 1935 ஏப்ரலில்தான், ஸ்காட்ஸ்போரோ வழக்கின் மேல்முறையீட்டில், கறுப்பர்களை ஜூரியிலிருந்து திட்டமிட்டு ஒதுக்குவது அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. அலபாமாவில் ஒரு வழக்கறிஞருக்கு இது தெரியாமல் இருக்குமா?

இதையெல்லாம் நான் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. 1992-இலேயே மன்ரோ ஃப்ரீட்மன் என்ற சட்டப் பேராசிரியர், அட்டிகஸை முன்மாதிரி என்று கொண்டாடுவதை நிறுத்துங்கள் என்று எழுதி, வழக்கறிஞர்களிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். 2015-இல் லீயின் பழைய கையெழுத்துப் பிரதி ‘கோ செட் எ வாட்ச்மேன்’ என்று வெளிவந்தது. அதில் வயதான அட்டிகஸ் வெள்ளையர் குடிமக்கள் மன்றக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறார். வாசகர்கள் அதிர்ந்துபோனார்கள், மகனுக்கு அட்டிகஸ் என்று பெயர் வைத்தவர்கள் வருத்தப்பட்டதாகச் செய்தியெல்லாம் வந்தது. எனக்கு அதில் பெரிய அதிர்ச்சி இல்லை. கும்பலை நல்லவர்கள் என்று சொன்ன மனிதர் இருபது வருடம் கழித்து அந்தக் கும்பலோடு உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவுதான்.

ஆகவே அட்டிகஸை அங்கேயே விட்டுவிடுவோம். இந்த நாவலின் தகுதி அந்த மனிதரில் இல்லை, அது பதிந்துவைத்திருக்கும் ஊரில் இருக்கிறது. ஓர் ஊர் எப்படித் தன்னை நல்ல ஊர் என்று நம்பிக்கொண்டே ஒரு மனிதனைக் கொல்கிறது, அந்த ஊருக்குள் ஒரு குழந்தையை எப்படிப் பழக்கி எடுக்கிறது என்பதை இவ்வளவு நுணுக்கமாகச் சொன்ன நாவல்கள் அதிகம் இல்லை.

19-ஆம் அத்தியாயத்துக்கு வாருங்கள். டாம் சாட்சிக் கூண்டில் நிற்கிறார். வயல் வேலைக்குப் போக வர மேயெல்லா வீட்டைக் கடந்துதான் நடக்க வேண்டும். அவள் கூப்பிட்டு, விறகு வெட்டித் தா, தண்ணீர் எடுத்துத் தா என்று கேட்பாள், இவர் செய்துகொடுப்பார், காசு வாங்குவதில்லை. குறுக்கு விசாரணையில் அரசுத் தரப்பு வழக்கறிஞர் கேட்கிறார்: காசு இல்லாமல் ஏன் செய்தாய்? டாம் உண்மையைச் சொல்கிறார். அந்த வீட்டில் அவள் மட்டும்தான் உழைக்கிறாள், பாவமாக இருந்தது. அந்தச் சொல்லை வழக்கறிஞர் பிடித்துக்கொள்கிறார். உனக்கு, அவள் மேல், பாவமா? கீழே உட்கார்ந்திருந்த வெள்ளையர்கள் முகம் மாறுகிறது. தவறாகச் சொல்லிவிட்டோம் என்று டாமுக்கே புரிகிறது. ஆனால் சொல் வெளியே வந்துவிட்டது.

தோழர்களே, வழக்கு தோற்றது இந்த இடத்தில்தான் என்று நான் வாசிக்கிறேன். இடதுகை வலதுகை விவாதமெல்லாம் ஜூரியைத் தொடவே இல்லை. இரக்கம் என்பது மேலிருந்து கீழே மட்டும் போகலாம் என்பது அந்த ஊரின் எழுதாத சட்டம். கறுப்பின மனிதன் ஒரு வெள்ளைக்காரியைப் பார்த்துப் பாவம் என்று நினைத்தால், அந்த ஒரு கணத்துக்கு அவன் அவளைவிட உயரத்தில் நிற்கிறான். வன்புணர்வுக் குற்றச்சாட்டு பொய் என்பது உள்ளுக்குள் எல்லோருக்கும் தெரியும். இந்தக் குற்றம் பொய்யில்லை, வாயாலேயே ஒப்புக்கொண்டுவிட்டான். தண்டனை இதற்குத்தான்.

மேயெல்லாவையும் லீ சும்மா விட்டுவிடவில்லை. 19 வயது. ஊரின் குப்பைமேட்டுக்குப் பின்னால், முன்பு ஒரு கறுப்பினக் குடும்பம் இருந்த குடிசையில்தான் யூவெல் குடும்பம் வாழ்கிறது. அந்தக் குப்பைக்கு நடுவே எனாமல் பெயர்ந்த பழைய பாத்திரங்களில் சிவப்பு ஜெரானியம் செடிகளை அவள் வளர்த்துவைத்திருக்கிறாள். கோர்ட்டில் அட்டிகஸ் அவளை ‘மிஸ்’ என்று மரியாதையாக அழைக்கும்போது, கிண்டல் செய்கிறார் என்று அழுகிறாள். மரியாதை என்றால் எப்படி இருக்கும் என்றே தெரியாத பெண். அவளிடம் கண்ணியமாக நடந்துகொண்ட ஒரே மனிதர் அநேகமாக டாம்தான் என்று ஸ்கவுட்டுக்கே தோன்றுகிறது. டாமைத் தொட்டது அவள்தான். தொட்டதை அப்பன் பார்த்துவிட்டான். அதை மறைக்க அவனைக் கொடுத்துவிடுகிறாள். அந்தக் குடும்பத்திடம் சொத்து என்று மிஞ்சியிருப்பது தோல் நிறம் ஒன்றுதான், அதைக் காப்பாற்ற என்ன வேண்டுமானாலும் செய்வார்கள்.

ஆனால் யூவெல்லோடு நிறுத்திவிட்டால் நாவலைப் பாதிதான் வாசித்ததாக அர்த்தம். இனவெறி என்பது குடித்துவிட்டுக் குப்பைமேட்டில் கிடப்பவனின் நோய் என்று படித்த நடுத்தர வர்க்கம் தன்னைத் தேற்றிக்கொள்ளும். திரைப்படம் அந்த ஆறுதலைத் தாராளமாகத் தருகிறது. நாவல் தருவதில்லை. தீர்ப்புக்குப் பிறகு வரும் இரண்டு அத்தியாயங்கள் 24, 26. பலர் வேகமாகப் புரட்டிவிடுகிற பக்கங்கள். என் கணக்கில் நாவலின் உச்சம் அங்கேதான் இருக்கிறது.

24-இல் ஊர்ப் பெரிய வீட்டுப் பெண்களின் மிஷனரி சங்கம் அட்டிகஸ் வீட்டில் கூடுகிறது. ஆப்பிரிக்காவில் ஏதோ ஒரு பழங்குடி படும் துன்பத்தைச் சொல்லிச் சொல்லி ஓர் அம்மாள் கண் கலங்குகிறார். அதே மூச்சில், தீர்ப்புக்குப் பிறகு வீட்டு வேலைக்காரிகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார்கள், கிறிஸ்தவர்கள் அப்படி இருக்கலாமா என்று குறைப்படுகிறார். பேர் சொல்லாமல் அட்டிகஸையும் குத்துகிறார், அதுவும் அட்டிகஸ் வீட்டுப் பலகாரத்தைத் தின்றுகொண்டே. அந்தப் பலகாரத்தைப் பரிமாறிக்கொண்டு நிற்பவர் கல்பூர்னியா. அப்போதுதான் அட்டிகஸ் வந்து, டாம் செத்துவிட்டார் என்று சமையலறையில் சொல்கிறார். டாமின் மனைவி ஹெலனிடம் சொல்ல கல்பூர்னியாவை அழைத்துக்கொண்டு போகிறார். முன்னறையில் இருக்கும் பெண்களுக்கு ஒன்றும் தெரியாது. அத்தை அலெக்சாண்ட்ரா முகத்தைச் சரிசெய்துகொண்டு மறுபடி உள்ளே போகிறார். ஸ்கவுட்டும் தட்டை எடுத்துக்கொண்டு பின்னால் போய்ச் சிரித்தபடி பலகாரம் நீட்டுகிறாள். இதை ஒரு சிறுமி பக்குவப்பட்ட இடம் என்று பல ஆசிரியர்கள் சொல்லிக்கொடுக்கிறார்கள். லீயும் அப்படித்தான் நினைத்து எழுதினாரோ என்னவோ. எனக்கு அந்தக் காட்சி பயங்கரமாக இருக்கிறது. ஒரு மனிதனைக் கொன்ற செய்தி வந்த நேரத்திலும் தட்டு சாயாமல் பிடிக்கக் குழந்தை கற்றுக்கொள்கிறாள்.

26-இல் பள்ளிக்கூடம். ஒரு மாணவன் ஹிட்லரைப் பற்றிய செய்தியை வகுப்பில் வாசிக்கிறான். ஆசிரியை மிஸ் கேட்ஸ் கரும்பலகையில் ‘ஜனநாயகம்’ என்று எழுதி, நம் நாட்டில் யாரையும் துன்புறுத்துவதில்லை, யூதர்களை ஏன் ஒடுக்குகிறார்களோ என்று உருகுகிறார். ஸ்கவுட்டுக்கு இடிக்கிறது. கோர்ட்டிலிருந்து இறங்கும்போது இதே ஆசிரியை, கறுப்பர்களுக்கு யாராவது பாடம் புகட்ட வேண்டிய நேரம் வந்துவிட்டது என்கிற மாதிரி பேசியது அவள் காதில் விழுந்திருக்கிறது. ஹிட்லரை வெறுக்கிறவர் இங்கே இருப்பவர்களிடம் எப்படி இப்படி இருக்க முடிகிறது என்று அண்ணனிடம் கேட்கிறாள். ஜெம் பதில் சொல்லவில்லை. கோர்ட் பேச்சையே எடுக்காதே என்று அவளைப் பிடித்து உலுக்குகிறான். கதையின் காலம் 1935 இலையுதிர் காலம், அந்தச் செப்டம்பரில்தான் ஜெர்மனியில் நியூரம்பர்க் சட்டங்கள் வந்தன. அவற்றை வகுத்த நாஜிச் சட்ட நிபுணர்கள், அமெரிக்க மாநிலங்களின் கலப்புமணத் தடைச் சட்டங்களைக் கவனமாகப் படித்தார்கள் என்பதை ஜேம்ஸ் விட்மன் 2017-இல் வெளியிட்ட நூலில் ஆவணங்களோடு காட்டியிருக்கிறார். பாவம் மிஸ் கேட்ஸ், அவருடைய கரும்பலகைக்கு அது எட்டியிருக்காது.

நாவல் தானே கவனிக்காமல் பதிந்துவைத்திருக்கும் விஷயங்களும் உண்டு. ஜெம்முக்கு 12 வயதாகிறது. அதுவரை பெயர் சொல்லி அதட்டி வளர்த்த கல்பூர்னியா, அவன் இப்போது கிட்டத்தட்ட ‘மிஸ்டர் ஜெம்’ ஆகிவிட்டான் என்று ஸ்கவுட்டிடம் சொல்கிறார். பாலூற்றி, காது கழுவி, எழுதச் சொல்லிக்கொடுத்து வளர்த்தவர் அவர். பையன் பன்னிரண்டைத் தொட்டதும் முதலாளி ஆகிறான். குழந்தைகள் அவரைக் கடைசிவரை ‘கல்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஸ்கவுட்டுக்கு அதில் உறுத்தலே இல்லை. அண்ணன் பெரியவனாகிவிட்டான் என்று பொறாமை, அவ்வளவுதான். இரண்டு வரிகளில் கடந்துபோகிறது.

இந்த இரண்டு வரிகளுக்கு மறுபக்கத்திலிருந்து எழுதிய நாவல் ஒன்று இருக்கிறது. மில்ட்ரெட் டெய்லர் என்ற கறுப்பின எழுத்தாளர் 1976-இல் எழுதிய ‘ரோல் ஆஃப் தண்டர், ஹியர் மை க்ரை’. சிறுவர் இலக்கியத்துக்கான நியூபெரி பதக்கம் வாங்கியது. அதே 1933, பக்கத்து மாநிலம் மிசிசிப்பி. சொந்தமாக நிலம் வைத்திருக்கும் லோகன் என்ற கறுப்பினக் குடும்பம். கதை சொல்லி காசி என்ற ஒன்பது வயதுச் சிறுமி. டவுனுக்குப் போன இடத்தில் லிலியன் ஜீன் என்ற வெள்ளைக்காரப் பெண்ணை அவள் தெரியாமல் இடித்துவிடுகிறாள். அந்தப் பெண்ணின் அப்பன் காசியின் கையை முறுக்கித் தெருவில் தள்ளுகிறான். ‘மிஸ் லிலியன் ஜீன்’ என்று சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டும். காசியின் சொந்தப் பாட்டியே, வேறு வழியில்லாமல், சொல்லு என்று அவளைப் பார்க்கிறார். லீயின் நாவலில் இரண்டு வரி. டெய்லரின் நாவலில் அன்றைய நாள், அந்த இரவு அம்மா உட்காரவைத்து அடிமைமுறையின் வரலாற்றைச் சொல்லிப் புரியவைப்பது, பிறகு காசி பொறுமையாகத் திட்டமிட்டுத் தன் கணக்கைத் தீர்ப்பது என்று நீள்கிறது. வெள்ளைக்காரக் குழந்தைக்கு அநியாயம் என்பது ஒருநாள் கோர்ட்டில் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். காசிக்கு அது பள்ளிக்கூடத்தின் முதல் நாளே பாடப்புத்தகத்தின் அட்டைக்குள் காத்திருக்கிறது. வெள்ளைக்காரப் பிள்ளைகள் வருடக்கணக்கில் படித்துக் கிழித்த புத்தகங்களைத்தான் கறுப்பினப் பள்ளிக்குத் தருகிறார்கள். உள்ளட்டையில் ஓர் அட்டவணை, புத்தகத்தின் நிலை, மாணவரின் இனம் என்று. கடைசி வரியில் நிலை ‘மிக மோசம்’ என்றும், அதற்கு நேரே இவர்கள் இனத்தைக் குறிக்கும் இழிசொல்லும் இருக்கிறது. முதல் வகுப்பில் சேர்ந்த காசியின் தம்பி அதை வாசித்துவிட்டுப் புத்தகத்தைத் தரையில் போட்டு மிதிக்கிறான். எழுத்துக் கூட்டத் தெரிந்ததால் வந்த வேதனை.

டாமின் குடும்பத்துக்கு லீயின் நாவலில் அதிக இடமில்லை. ஆனால் தேடினால் கிடைக்கும். நான் தற்காலிக விரிவுரையாளராக இருந்த ஒரு கல்லூரியில், நாவலின் பாத்திரம் ஒன்றின் குரலில் ஒரு பக்கம் எழுதி வாருங்கள் என்றேன். அட்டிகஸ்கள் வந்து குவிந்தார்கள். கோர்ட்டில் இவர்கள் கையால் ஆவேசமான உரைகள் நிகழ்ந்தன. ஒரு மாணவி மட்டும் ஹெலன் ராபின்சனை எழுதியிருந்தார். டாம் செத்த பிறகு, அவருடைய பழைய முதலாளி ஹெலனுக்கு வேலை தருகிறார். யூவெல் வீட்டு வழியாகப் போனால் அவர்கள் எதையாவது எடுத்து அடிக்கிறார்கள். அதனால் ஹெலன் கிட்டத்தட்ட ஒரு மைல் சுற்றிக்கொண்டு வேலைக்கு நடக்கிறார். நாவலில் போகிற போக்கில் வரும் தகவல் இது. அந்த மாணவி ஒரு பக்கம் முழுக்க அந்த ஒரு மைலைத்தான் எழுதியிருந்தார். வழியில் என்ன இருக்கும், மூன்று பிள்ளைகளை யாரிடம் விட்டுவிட்டு வந்திருப்பார், மழை வந்தால் என்ன செய்வார் என்று. எங்கிருந்து இதைப் பிடித்தீர்கள் என்று கேட்டேன். எங்க பாட்டி ஊர்ல இருக்கிற வழி சார் இது என்றார். மேலே நான் எதுவும் கேட்கவில்லை. இனமும் சாதியும் ஒன்றல்ல, அவசரப்பட்டு ஒப்பிட்டால் இரண்டையுமே தவறவிடுவோம். ஆனால் 1946-இல், அமெரிக்கக் கறுப்பர்கள் ஐ.நா.வுக்குக் கொடுத்த மனுவின் பிரதி வேண்டும் என்று டு போய்ஸுக்கு அம்பேத்கர் கடிதம் எழுதினாரே, அந்த ஆர்வத்தின் ஒரு துளி அந்த மாணவியின் தாளில் இருந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசியாக ஒன்று. இவ்வளவு நல்ல நாவல் அந்த ஊரையாவது மாற்றியதா? மன்ரோவில் இந்த நாவலால் வாழும் ஊர். பழைய கோர்ட் கட்டடம் இப்போது அருங்காட்சியகம். ஒவ்வொரு வசந்த காலத்திலும் ஊர் மக்களே நாவலை நாடகமாக அங்கே நடிக்கிறார்கள். பார்வையாளர்களிலிருந்தே ஜூரியைத் தேர்ந்தெடுத்து உட்காரவைப்பார்கள். அதே மன்ரோவில்லில், 1986-இல் ஒரு வெள்ளைக்கார இளம்பெண் கொல்லப்பட்டார். மரம் வெட்டும் தொழில் செய்த வால்டர் மெக்மில்லியன் என்ற கறுப்பினத்தவரை 1987-இல் கைது செய்தார்கள். கொலை நடந்த நேரத்தில் அவர் வீட்டில் இருந்தார். மீன் பொரித்து விற்கும் சிறு நிகழ்ச்சி நடந்துகொண்டிருந்தது, சுற்றிலும் உறவும் நட்புமாகப் பலர். அத்தனை பேரும் கறுப்பர்கள், ஆகவே அத்தனை சாட்சியும் செல்லவில்லை. அவருக்கு ஒரு வெள்ளைக்காரப் பெண்ணோடு உறவு இருந்தது, அது ஊருக்குத் தெரியும். விசாரணைக்கு முன்பே மரண தண்டனைக் கைதிகள் பிரிவில் அடைத்துவைத்தார்கள். 1988-இல் ஒன்றரை நாள் விசாரணை. 11 வெள்ளையர், 1 கறுப்பர் கொண்ட ஜூரி ஆயுள் தண்டனை போதும் என்றது, நீதிபதி அதைத் தள்ளிவிட்டு மரண தண்டனை விதித்தார். பிரையன் ஸ்டீவன்சன் என்ற கறுப்பின வழக்கறிஞர் பல வருடம் போராடி, முக்கிய சாட்சி சொன்னது பொய் என்று நிரூபித்து, 1993-இல் அவரை வெளியே கொண்டுவந்தார். ‘ஜஸ்ட் மெர்சி’ என்ற நூலில் ஸ்டீவன்சன் இதை எழுதியிருக்கிறார். வழக்குக்காகப் போன அவரிடம் ஊர்க்காரர்கள் பெருமையாக மாக்கிங்பேர்ட் நாவலைப் பற்றிப் பேசினார்களாம்.

அப்படியானால் நாவலைத் தூக்கிப் போட்டுவிடலாமா? தூக்கிப் போடுகிறவர்கள் எப்போதும் இருந்திருக்கிறார்கள். 1966-இல் வர்ஜீனியாவில் ஒரு பள்ளி வாரியம் இதை ஒழுக்கக்கேடான நூல் என்று நீக்கியது. லீ பத்து டாலர் அனுப்பி, வாரியத்தாரை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க இதைப் பயன்படுத்துங்கள் என்று பத்திரிகைக்கு எழுதினார். 2017-இல் மிசிசிப்பியின் பிலாக்சி நகரில், படிப்பவர்களுக்குச் சங்கடமாக இருக்கிறது என்று எட்டாம் வகுப்புப் பாடத்திலிருந்து எடுத்தார்கள். யாருக்குச் சங்கடம் என்று கேட்டுப் பார்க்க வேண்டும். தன் இனத்தை இழிவாகச் சொல்லும் சொல்லை வகுப்பில் உரக்க வாசிக்கக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கறுப்பினப் பிள்ளையின் சங்கடம் உண்மையானது, அதற்கு ஆசிரியர் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். மிஸ் கேட்ஸின் சங்கடத்துக்கு நாம் பதில் சொல்ல வேண்டியதில்லை. என் நிலைப்பாடு இதுதான். இனவெறியைப் பற்றிப் பள்ளியில் படிக்கும் ஒரே நாவலாக இது இருப்பதுதான் பிரச்சினை. அந்த ஒற்றை நாற்காலியில் எந்த நூலை உட்காரவைத்தாலும் அது கெட்டுப்போகும்.

எனவே குறுஞ்செய்தி அனுப்பிய தோழருக்கு: முழு நாவலையும் வாசிக்கப் பொறுமையில்லை என்றால் 12, 19, 24, 26 ஆகிய நான்கு அத்தியாயங்களையாவது வாசித்துவிட்டு வாருங்கள். அட்டிகஸ் பேசும் இடங்களில் அவரைப் பார்க்காதீர்கள், அந்த அறையில் வேறு யார் நிற்கிறார்கள், யார் தட்டு ஏந்தியிருக்கிறார்கள், யாரை என்ன சொல்லி அழைக்கிறார்கள் என்று பாருங்கள். டெய்லரின் நாவல் என்னிடம் ஒரு பிரதிதான் இருக்கிறது, சுற்றில் விடுகிறேன். முதல் அத்தியாயத்திலேயே அந்தப் பாடப்புத்தகம் வந்துவிடும். அடுத்த மாதக் கூட்டத்தில் இரண்டையும் வைத்துப் பேசுவோம். இப்போது உங்கள் கேள்விகள்.